பொன்னாடை போர்த்தி வாயைக் கட்டுதல்

போன ஜூலை 26ஆம் தேதி எங்கள் ஊரில் தேசபக்தி காலை பத்து மணிக்குத் தொடங்குவதாக இருந்தது. சிறப்பு விருந்தினர் வந்து சேர 12.20 ஆகிவிட்டதால், அதுவரை தேசபக்தி வெயிலில் நின்றது. நின்றவர்கள் என்.சி.சி. சீருடை போட்ட பிள்ளைகள். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்; குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்து மறுபடி வரிசையில் நிறுத்தினார்கள். அன்றைக்கு அந்தக் கல்யாண மண்டபத்தில் நடந்த ஒரே ராணுவ நடவடிக்கை அதுதான்.

கார்கில் வெற்றி நாளை முன்னிட்டு 'மண்ணின் மைந்தர்கள் மனம் திறக்கிறார்கள்' என்று விழா. ஊரில் இருக்கிற முன்னாள் படைவீரர்கள் தாங்கள் பார்த்த போரைத் தங்கள் வாயால் சொல்வார்கள், பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல யோசனை. யோசித்தவர் யாரென்று தெரியவில்லை, அவரை அன்று மண்டபத்துக்குள் விட்டார்களா என்பதும் தெரியவில்லை. வாசலில் இருபதுக்குப் பத்தடி ஃப்ளெக்ஸ். அதில் மனைத்தொழில் அதிபர் ஒருவர், அடுத்த தேர்தலில் சீட்டு கிடைக்கும் என்று மூன்று தேர்தலாக நம்பிக்கொண்டிருப்பவர், ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்கிறார். பின்னால் பனிமலை, ஹெலிகாப்டர், பீரங்கி. பீரங்கி வண்டியின் பக்கவாட்டில் உற்றுப் பார்த்தால் வெள்ளை நட்சத்திரம். அமெரிக்காக்காரனுடையது. கார்கிலுக்கு அவன் எப்போது வந்தான் என்று ஃப்ளெக்ஸ் அடித்த பையனிடம்தான் கேட்க வேண்டும். மண்ணின் மைந்தர்களைத் தேடினேன். கீழ்மூலையில், அச்சகத்தின் கைபேசி எண்ணுக்கு மேலே, ரேஷன் கார்டு அளவில் நான்கு தலைகள் இருந்தன.

எங்களுடையது வேலூர்ப் பக்கம். பட்டாளத்துக்கு ஆள் கொடுத்தே பழகிய மண். கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவர், சில வீட்டில் மூன்று தலைமுறை. முதல் உலகப்போருக்கு இந்தியாவிலிருந்து போன சுமார் 13 லட்சம் பேரில் இந்தப் பக்கத்துக் காலடிகளும் உண்டு. அதற்குச் சாட்சியாகத் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் வெள்ளைக்காரன் ஒரு கல் பதித்துவிட்டுப் போனான்: இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று. எண்ணிக்கை மட்டும்தான், பெயர் இருக்காது. ஈராக்கில் பாஸ்ரா நினைவிடத்திலும் இதே கணக்குத்தான். 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கான சின்னம் அது. அதில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் வெட்டினார்கள், இந்தியச் சிப்பாய்களை 'மற்றும் இத்தனை பேர்' என்று மூட்டை கட்டினார்கள். நூறு வருஷம் கழித்து, 2021இல், அந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் அமைப்பே தன் தவறுக்கு மன்னிப்புக் கேட்டது. சதாம் உசேன் 1997இல் அந்த நினைவிடத்தைப் பெயர்த்துக்கொண்டுபோய்ப் பாலைவனச் சாலை ஓரத்தில் மறுபடி கட்டினார். எங்கள் ஊர்க் கல்லை யாரும் பெயர்க்கவில்லை. அவ்வளவு அக்கறை யாருக்கும் இல்லை. அதைச் சுற்றிச் சாக்கடை கட்டினார்கள், மேலே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். போஸ்டரில் இருப்பவருக்காவது பெயர் இருக்கிறது.

அந்தக் கல்லுக்கு நூறடி தள்ளித்தான் மண்டபம்.

சரி, விழாவுக்கு வருகிறேன். குத்துவிளக்கு ஏற்றியவர்கள் ஐந்து பேர். ஐந்தாவது திரி காற்றில் அணைந்ததால் ஐந்தாமவர் முகம் சுண்டிப்போய், போட்டோகிராபர் சொல்லி மறுபடி ஏற்றினார். அப்புறம் பொன்னாடை. மேடையில் 14 நாற்காலி. முதலாமவர் இரண்டாமவருக்குப் போர்த்த, இரண்டாமவர் மூன்றாமவருக்குப் போர்த்த, பதினான்காமவர் எழுந்து நடந்து வந்து முதலாமவருக்குப் போர்த்தினார். வட்டம் மூடியது. இதில் எதிரி ஊடுருவ வழியே இல்லை. நான்கு முன்னாள் வீரர்களும் கீழே, முன்வரிசையில், சமையற்கட்டுக்குப் போகும் வழியை ஒட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சாம்பார் வாளி போகும்போதெல்லாம் காலை மடக்கி வழிவிட்டார்கள்.

சிறப்பு விருந்தினர் 50 நிமிடம் பேசினார். 1806 வேலூர்ப் புரட்சியில் ஆரம்பித்தார், சந்தோஷப்பட்டேன். அது 1857க்குப் பிறகு நடந்தது என்றார், சந்தோஷம் போயிற்று. 'சியாச்சின் பாலைவனத்தில் சுட்டெரிக்கும் வெயிலில்' நம் ஜவான்கள் நிற்பதாகச் சொல்லிக் குரல் தழுதழுத்தார். முன்வரிசையில் இருந்த நான்கு பேரில் ஒருவர் சியாச்சினில் இருந்தவர். இடது காலில் மூன்று விரல் கிடையாது, பனி தின்றுவிட்டது. அவர் செருப்புக்குள் காலை இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி அந்தப் பனிமலை சரிந்து 19ஆவது மதராஸ் பட்டாலியனின் பத்துப் பேரை மூடியது. பத்தில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், அந்த நால்வரில் ஒருவர் எங்கள் வேலூர் மாவட்டத்துக்காரர். இது நடந்து பத்து வருஷம்கூட ஆகாதபோதே, அதே மாவட்டத்து மேடையில் சியாச்சின் பாலைவனமாகிவிட்டது. கைதட்டல் வேறு.

'அமரன்' படம் வந்த புண்ணியத்தில் மேஜர் முகுந்தின் பெயர் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. தொகுப்பாளினி அதையும் நடிகரின் பெயரைச் சொல்லித்தான் நினைவூட்டினார். கொண்டாடுவதோ கார்கில். அந்தப் போரில் பட்டாலிக் பகுதியில் 1999 மே 29 அன்று விழுந்த, பிகார் ரெஜிமெண்டின் முதலாவது பட்டாலியனைச் சேர்ந்த திருச்சி மேஜர் சரவணனின் பெயரை அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு நாக்கும் உச்சரிக்கவில்லை. அவர் உடல் ஒரு மாதத்துக்கும் மேலாக அந்த மலையில் எடுக்க முடியாமல் கிடந்தது. அவரைப் பற்றி இன்னும் படம் எடுக்கவில்லை. நாம் என்ன செய்வோம்.

எங்கள் பாஷையில் 'மிலிட்டரி' என்ற சொல் எங்கெங்கே புழங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். முதலில் மிலிட்டரி ஹோட்டல்: தலைக்கறி, குடல், ரத்தப் பொரியல். அடுத்தது மிலிட்டரி சரக்கு. ஊரில் ஒரு முன்னாள் ராணுவத்தான் இருந்தால் அவரிடம் ஊர் கேட்கிற வரலாற்றுக் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இந்த மாசக் கோட்டா வாங்கிட்டீங்களா?" அவர் எந்த முனையில் நின்றார், எதைச் சுமந்தார், யாரைப் புதைத்தார் என்று கேட்க மாட்டோம். ரம்மா விஸ்கியா என்று கேட்போம். தப்பித்தவறி அவராக வாயைத் திறந்தால் அதற்கும் நம்மிடம் ஒரு சொல் தயார்: பட்டாளத்துக் கதை. அப்படியென்றால் புளுகு. ஒரு சமூகம் தன் வீரர்களின் சாட்சியத்துக்கு வைத்திருக்கிற பெயர், புளுகு! இதைச் சொல்கிற எனக்கும் யோக்கியதை கிடையாது. என் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி, மிலிட்டரி மாமா இருக்கிறார். இருபது வருஷத்தில் நான் அவரிடம் கேட்டதெல்லாம் தங்கை கல்யாணத்துக்கு நான்கு பாட்டில்.

அன்றைக்குப் பேச வேண்டியவர்களில் அவரும் ஒருவர். 1983இல் பத்தொன்பது வயதில் வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, 22 வருஷம் கழித்து ஹவில்தாராக வந்தவர். இப்போது பஜாரில் ஒரு ஏ.டி.எம். வாசலில் இரவுக் காவல். மூன்று நாளாக எழுதி வைத்திருந்தார். கோடுபோட்ட நோட்டில் பதினோரு பக்கம். மெடல்களை பிராஸ்ஸோ போட்டுத் துடைத்திருந்தார்.

மணி ஒன்றரை. பிரியாணி வாசனை மண்டபத்துக்குள் வந்துவிட்டது. "இப்போது நம் ஊரின் சிங்கம் இரண்டொரு வார்த்தை பேசுவார், நேரம் கருதி ஐந்து நிமிடம்" என்று சிங்கத்தை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். பதினோரு பக்கத்தை அவர் பார்த்தார், எதிரே இருந்த பிள்ளைகளைப் பார்த்தார், நோட்டை மூடிவிட்டார்.

"பசங்களா, எல்லாரும் கார்கில் சொன்னாங்க. நான் கார்கில்ல இல்ல. நான் பார்த்தது சிலோன்" என்று ஆரம்பித்தார்.

மேடையில் ஒரு சின்ன அசைவு. நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"1987 அக்டோபர். பலாலியில எறங்கினோம். சமாதானத்துக்குன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. ஜூலை 29ஆந் தேதி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க, ரெண்டரை மாசத்துல சண்டை. எங்ககிட்ட ஒழுங்கான மேப் கிடையாது. நமக்கு முன்னாடி சீக்கியப் பசங்க, யுனிவர்சிட்டி கிரவுண்டுல ராத்திரி ஹெலிகாப்டர்ல எறங்கினவங்க, முப்பது பேரு. இருபத்தொம்போது பேரு செத்துட்டாங்க. நாங்க யாழ்ப்பாணத்துக்கு நடந்துதான் போனோம். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் வெடி. ஒரு வீட்டுல ஒரு பாட்டியம்மா, கிணத்தடியில உக்காந்திருந்தாங்க. எங்க ஆளுங்க பேசிக்கிட்டதக் கேட்டுட்டு, என்னை நிமிர்ந்து பாத்துக் கேட்டாங்க. 'தம்பி, நீங்கள் தமிழோ?' அப்பிடின்னாங்க. நான்..."

துண்டுச் சீட்டு வந்தது.

அழைப்பிதழின் பின்பக்கத்தைக் கிழித்து எழுதியது. நான் எட்டிப் பார்த்தேன்: 'நேரமாகிவிட்டது. இந்த டாபிக் வேண்டாம். ஜெய்ஹிந்த் சொல்லி முடிக்கவும்.' மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். 22 வருஷப் பழக்கம். எழுத்தில் வந்தால் உத்தரவு. பிள்ளைகளைப் பார்த்து ஜெய்ஹிந்த் என்றார், சல்யூட் அடித்தார், இறங்கினார். கணக்குப் பார்த்தேன், இரண்டு நிமிடம் சொச்சம். மீதி நிமிடங்களைத் தொகுப்பாளினி தேசபக்திப் பாட்டுக்கு ஒதுக்கினார்.

அப்புறம் மேடைக்குப் பின்னால், கை கழுவும் இடத்தில், ஒரு விசாரணை நடந்தது. நெற்றியில் பொட்டுவைத்த ஒரு பெரியவர் மாமாவைப் பிடித்துக்கொண்டார்: மேப் இல்லை, இருபத்தொன்பது பேர் செத்தார்கள் என்றெல்லாம் சின்னப் பிள்ளைகள் முன்னால் பேசி ராணுவத்தின் பெருமையைக் குலைக்கலாமா? அவர் நகர்ந்ததும் கறுப்புச் சட்டை போட்ட ஒரு இளைஞர் வந்தார்: தமிழனைக் கொன்ற படையில் இருந்துவிட்டு அதை மேடையில் பேச உங்களுக்குக் கூசவில்லையா? இந்த இருவரும் எங்கள் ஊரில் இருபது வருஷமாக எந்த விஷயத்திலும் ஒத்துப்போனது கிடையாது. தண்ணீர்த் தொட்டி எங்கே கட்டுவது என்பதில்கூட வழக்குப் போட்டவர்கள். இந்த ஒன்றில் ஒத்துப்போனார்கள்: இந்த ஆள் வாயைத் திறக்கக் கூடாது.

அந்த இளைஞருக்குப் பதில் சொல்ல வேண்டும், அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. 1987 தீபாவளியன்று, அக்டோபர் 21ஆம் தேதி, யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் இந்தியப் படை புகுந்து மருத்துவர்களையும் செவிலியரையும் படுக்கையில் கிடந்த நோயாளிகளையும் சுட்டது. ஏறத்தாழ எழுபது பேர். இதை மறைத்துக்கொண்டு ஒரு வீரக்கதை நடத்தினால் அது ஃப்ளெக்ஸில் வந்த அமெரிக்க டாங்கியைவிடப் பெரிய பித்தலாட்டம். ஆனால் அந்த மருத்துவமனையைப் பற்றி, அந்தத் தெருக்களைப் பற்றி, நம்மிடம் கேள்வி இருக்கிறதென்றால், அதை யாரிடம் கேட்பீர்கள்? அங்கே நின்றவனிடம்தானே! அவரை உட்காரவைத்து, நீங்கள் என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், எதைச் செய்ய மறுத்தீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்கிற தைரியம் இல்லாதவனுக்கு 'கூசவில்லையா' என்று கேட்க மட்டும் என்ன உரிமை? சாட்சியைத் துரத்திவிட்டுத் தீர்ப்புச் சொல்கிற கூட்டம் நாம்.

துண்டுச் சீட்டு எங்கள் ஊர்க் கண்டுபிடிப்பும் இல்லை. 1990 மார்ச்சில், இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படையின் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் நிலை. அதற்கு ஒரு காரணமாவது இருந்தது. அனுப்பிவைத்த டெல்லிக்கு என்ன காரணம்? நான்கு டிவிஷன் அனுப்பி, சுமார் 1,200 பேரைப் பறிகொடுத்துவிட்டு, அந்த யுத்தத்தைப் பெயர் சொல்லாமல் பரணில் போட்டது டெல்லி. அவர்களுக்கென்றே எழுந்த ஒரு நினைவுச் சின்னத்தைக் கொழும்பை ஒட்டி, பத்தரமுல்லையில் போய்ப் பார்க்கலாம். கட்டியது இலங்கை. எவன் மண்ணில் போய்ச் சண்டை போட்டோமோ அவன் கட்டினான். நம் பிரதமர் விமானம் ஏறிப் போய் அங்கே மலர்வளையம் வைக்கிறார்.

அந்தப் போரில் பரம்வீர் சக்ரா வாங்கியவர் ஒரே ஒருவர், மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், மகர் ரெஜிமெண்டின் எட்டாவது பட்டாலியன். 1987 நவம்பர் 25 அன்று மார்பில் குண்டு வாங்கிய பிறகு, சுட்டவனின் துப்பாக்கியையே பிடுங்கிச் சுட்டு, சாகும்வரை தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தவர். 2023இல் அந்தமானில் ஒரு தீவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். சென்னையில் ஆற்காடு சாலையில் அவர் பெயரில் குடியிருப்பே இருக்கிறது. சாலிகிராமத்தில் இறங்கி 'பரமேஸ்வரன் விஹார்' யாரென்று கேட்டுப் பாருங்கள். ஏதோ கோயில் என்பார்கள்.

மதராஸ் ரெஜிமெண்டின் போர் முழக்கம் தெரியுமா? 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு.' தமிழ். அதை எதிரிக்கு மொழிபெயர்க்கத் தேவையே இல்லாத போர் அநேகமாக அந்த இலங்கைப் போர் ஒன்றுதான். நம் மொழி பேசுகிறவன் நம் மொழி பேசுகிறவளின் கிணற்றடியில் துப்பாக்கியோடு நின்ற வரலாறு நம்முடையது. எட்டுக் கோடித் தமிழர் இருக்கிற மாநிலத்தில் அதைக் கேட்க ஐந்து நிமிடம் ஒதுக்கி, அதிலும் பாதியைப் பிரியாணிக்குக் கொடுத்துவிட்டோம். அமெரிக்கா ஊர்வம்பு இழுத்துப் போருக்குப் போகிற நாடு, அவர்களைப் புகழ எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் 2000இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டு, தன் தேசிய நூலகத்தில் படைவீரர்களின் வாய்மொழி வரலாற்றைச் சேர்க்க ஆரம்பித்தது. சாதாரணச் சிப்பாயின் பேச்சு, ஊர் நூலகத்திலும் பள்ளியிலும் உட்கார்ந்து தன்னார்வலர்கள் பதிவு செய்வது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுடைய நினைவுகள் சேர்ந்துவிட்டன. அங்கே ஒரு விதி: பதிவு முப்பது நிமிடத்துக்குக் குறைந்தால் வாங்க மாட்டார்கள். அங்கே முப்பது குறைந்தபட்சம், இங்கே ஐந்து அதிகபட்சம். பொன்னாடை எண்ணிக்கையில் மட்டும் அவர்கள் நம்மை நெருங்கவே முடியாது.

1987இல் இலங்கைக்குப் போன இருபது வயதுப் பையன்கள் இப்போது அறுபதை ஒட்டி நிற்கிறார்கள். சர்க்கரை, மூட்டுவலி, மறதி. இன்னும் பதினைந்து வருஷம் துண்டுச் சீட்டு கொடுத்துச் சமாளித்தால் போதும், அப்புறம் சீட்டே தேவைப்படாது. அதற்குப் பிறகு நாம் அவர்களைத் தாராளமாகக் கொண்டாடலாம். இறந்தவர்கள் டாபிக்கை மாற்ற மாட்டார்கள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பாட்டி கேட்ட கேள்வி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு பஜாருக்குப் போனேன். மாமா ஏ.டி.எம். படிக்கட்டில், அன்று போர்த்திய பொன்னாடையை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். "கல்லு சில்லுனு இருக்குதுப்பா, இதுக்காவது ஒதவுது" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருபது வருஷத்தில் முதல்முறையாகப் பாட்டிலைத் தவிர வேறொன்று கேட்டேன்.

"மாமா, அந்தப் பாட்டிக்கு என்ன சொன்னீங்க?"

அவர் உடனே பேசவில்லை. ஒரு லாரி போனது. நாய் ஒன்று வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது.

"என்கூட வந்தவன் மொத நாள்தான் செத்திருந்தான். ராணிப்பேட்டைக்காரன். ஒரு வீட்டுல தண்ணி குடுத்தாங்கன்னு நின்னு பேசினான். யாரு எங்கேர்ந்து சுட்டாங்கன்னே தெரியல. அதுக்கு மறுநா காலையில இந்தம்மா கேக்குறாங்க, நீ தமிழான்னு. கையில ஒரு சொம்பு வெச்சிருந்தாங்க. தண்ணி தர்றதுக்குத்தான்னு நெனைக்கிறேன்." நிறுத்தினார். "'மாலும் நஹி'ன்னுட்டேன்."

"இந்தியிலயா?"

"இந்தியில. தெரியலன்னு. அவங்க சொம்பைக் கீழ வெச்சுட்டாங்க. வேற எதும் சொல்லல. என்னா தெரியலன்னு சொன்னேன் நான், சொல்லு? என் பாஷை எனக்குத் தெரியலன்னா?" நோட்டைக் கைப்பையிலிருந்து எடுத்தார். "பதினோரு பக்கத்துல பத்துப் பக்கம் இதான். பசங்ககிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன். பெரியவங்ககிட்ட சொல்ல முடியாது. பசங்க கேட்டுப்பாங்கன்னு தோணிச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கைபேசி அடித்தது. இந்த நேரத்தில் யார் என்று பார்த்து, ஸ்பீக்கரில் போட்டார். விழாக் குழுச் செயலாளர். பின்னால் சிரிப்புச் சத்தம், கண்ணாடி டம்ளர் சத்தம்.

"மாமா, தூங்கிட்டீங்களா? இன்னிக்கு உங்க ஸ்பீச்சு அமோகம்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. ஆகஸ்ட் பதினைஞ்சுக்கும் நீங்கதான். அப்புறம் மாமா, இந்த மாசக் கோட்டா வாங்கிட்டீங்களா?"